மதுரையில் தெருவோரம் வசிப்பவர்களுக்கு உதவ நினைக்கிறேன். அவர்கள் மனம் நோகாமல் எப்படி அணுகுவது?

பெரியார் பஸ் ஸ்டாண்ட், ஜங்ஷன், மாட்டுத்தாவணி பக்கம் படுத்திருக்கும் எல்லோரும் கையேந்துபவர்கள் இல்லை. மூட்டை தூக்குபவர், ஹோட்டலில் பாத்திரம் கழுவுபவர், மண்டபத்தில் இலை எடுப்பவர் எனப் பலருக்கு வேலை உண்டு; அட்வான்ஸ் கொடுத்து வீடு பிடிக்கத்தான் வழியில்லை. அதனால் பொட்டலத்தை நீட்டிவிட்டு நகராதீர்கள். "அய்யா, சாப்பிட்டீங்களா? தயிர்சாதம் இருக்கு, வேணுமா?" என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் வற்புறுத்தாதீர்கள். பெயர் கேளுங்கள், உங்கள் பெயரையும் சொல்லுங்கள். போட்டோ எடுக்கவே வேண்டாம்.

தூங்குபவரைத் தொட்டு எழுப்பக்கூடாது. லத்தியால் தட்டி எழுப்பப்பட்டே பழகியவர் பதறி எழுவார். கால்மாட்டில் நாலடி தள்ளி நின்று குரல் கொடுங்கள். தலைமாட்டு மூட்டையில் கை வைக்காதீர்கள். பார்க்கக் கந்தலாகத் தெரியும். ஆதார், ஆஸ்பத்திரிச் சீட்டு, பிள்ளைகளின் போட்டோ எல்லாம் அதற்குள்தான் இருக்கும். சுத்தம் செய்கிறோம் என்று அதைக் குப்பை வண்டியில் ஏற்றிவிட்டால், முதியோர் பென்ஷனுக்கு மனுப் போட ஒரு தாள்கூட மிஞ்சாது. இந்தக் கொடுமையை உதவி என்ற பெயரிலேயே செய்துவிடுகிறோம்.

பல் போனவர்களுக்குப் பரோட்டாவும் பிரியாணியும் பயன்படாது. இட்லி, குழைந்த சாதம் நல்லது. பல நாள் பட்டினி கிடந்து எலும்பும் தோலுமாக இருப்பவருக்கு வயிறு நிறையக் கொடுப்பது ஆபத்து. திடீரென்று உணவு உள்ளே போகும்போது ரத்தத்தில் பாஸ்பேட், பொட்டாசியம் சரிந்து இதயமே நின்றுபோகலாம். அரை டம்ளர் கஞ்சியோடு நிறுத்திக்கொண்டு 108-ஐ அழையுங்கள். புண்ணில் புழு இருந்தால் மண்ணெண்ணெய், டர்பன்டைன் எதையும் ஊற்றாதீர்கள். சுத்தமான துணியால் லேசாக மூடி ராஜாஜி அரசு மருத்துவமனைக்கு அனுப்புங்கள். முடிந்தால் கூடவே போய், அவர் சொன்ன பெயரைச் சீட்டில் எழுத வையுங்கள். இல்லையென்றால் 'பெயர் தெரியாத ஆண்' என்று பதிவாகிவிடும். பிறகு தேடி வரும் உறவுகளால் கண்டுபிடிக்க முடியாது.

மனநலம் குன்றி அலைபவரைக் கண்டால் கட்டி இழுத்துப்போய் மொட்டையடிப்பது சேவை ஆகாது. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம், பிரிவு 100-இன்படி அவரைப் பாதுகாப்பில் எடுக்கும் போலீஸ் 24 மணி நேரத்துக்குள் பரிசோதனைக்காக அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும், லாக்கப்பில் வைக்கக்கூடாது. ஸ்டேஷனில் தயங்கினால் இந்தப் பிரிவைச் சொல்லிக் கேளுங்கள். மனநல ஆலோசனைக்கு 14416, முதியோருக்கு 14567, குழந்தைகளுக்கு 1098.

வீடில்லாவிட்டாலும் வாக்காளர் அட்டை வாங்கலாம் என்பது பலருக்குத் தெரிவதில்லை. படிவம் 6-இல் படுத்துறங்கும் இடத்தையே முகவரியாக எழுதலாம், முகவரிச் சான்று தேவையில்லை. வாக்குச்சாவடி நிலை அலுவலர் இரவில் வந்து, அவர் அங்கேதான் தூங்குகிறாரா என்று பார்ப்பார். எந்தக் கடை வாசல், எத்தனை மணிக்குப் படுக்க வருவார் என்பதை அலுவலரிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.