சக்தி சிகிச்சையும் நிறுத்தப்பட்ட இன்சுலினும்: சட்டத்தில் என்ன வழி?

கேள்வி:

ஐயா, நாங்கள் தலவாக்கலைப் பக்கம் ஒரு தோட்டத்தில் இருக்கிறோம். அம்மாவுக்கு 61 வயது, கொழுந்து எடுத்து ஓய்வு பெற்றவர். பல வருடமாக சீனி வருத்தம், காலையும் மாலையும் இன்சுலின் போட வேண்டும். டவுனில் 'பிரபஞ்ச சக்தி' சிகிச்சை நிலையம் ஒன்று நடத்துபவர், ரெய்கி (கையை வைத்துச் சக்தி செலுத்துவதாகச் சொல்லும் முறை) என்பது சித்தர்கள் கண்ட கலை, 21 நாளில் சீனியை அடியோடு இல்லாமல் ஆக்கலாம் என்றார். பலகையில் 'டொக்டர்' என்று போட்டிருக்கிறார். அம்மா ஈ.பி.எஃப். (ஊழியர் சேமலாப நிதி) காசிலிருந்து 85,000 ரூபாய் கட்டினார். ஆங்கிலத்தில் இருந்த ஒரு தாளில் கையெழுத்தும் வாங்கினார்கள். அதில் 'இது வைத்தியத்துக்குப் பதிலல்ல' என்று இருந்தது பிறகுதான் எங்களுக்குத் தெரியும். அப்புறம் வட்ஸ்அப்பில், "ஊசி போடப் போட சக்தி ஓடுற பாதை அடைபடும், நிப்பாட்டுங்க" என்று குரல் பதிவு அனுப்பினார். அம்மா நிறுத்திவிட்டார். மூன்றாம் கிழமை காலில் இருந்த சிறு புண் பெரிதாகி, ஆஸ்பத்திரியில் ஒரு விரலை எடுத்தார்கள். அவரிடம் கடைசியாகப் போய் இரண்டு மாதம் ஆகிறது. ஆத்திரத்தில் நான் முகப்புத்தகத்தில் அவரைக் கள்ளன் என்று எழுதினேன். இப்போது 20 இலட்சம் நட்டஈடு கேட்டு அவருடைய சட்டத்தரணியின் கடிதம் வந்திருக்கிறது. அம்மாவோ, "அந்த மனுஷன ஒண்ணும் சொல்லாத" என்கிறார். என்ன செய்வது?

பதில்:

தங்கச்சி, முதலில் அந்த இரண்டு மாதக் கணக்கைப் பார்ப்போம். உங்களுக்கு மிக அவசரமானது அதுதான்.

2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின் 13 ஆம் பிரிவின்படி, பணம் கொடுத்துப் பெற்ற சேவை பற்றி அதிகாரசபைக்கு எழுத்தில் முறைப்பாடு செய்யலாம். சேவை கிடைத்து மூன்று மாதத்துக்குள் செய்ய வேண்டும். உங்களுக்கு இருப்பது ஏறத்தாழ ஒரு மாதம். அதே சட்டத்தின் 30, 31 ஆம் பிரிவுகள் வாடிக்கையாளரை ஏமாற்றும் நடத்தையையும் பொய்யான விளம்பரத்தையும் தடை செய்கின்றன. விசாரணையில் உங்கள் பக்கம் நியாயம் தெரிந்தால், பணத்தைத் திருப்பிக் கொடுக்கவும் நட்டஈடு கொடுக்கவும் அதிகாரசபை உத்தரவிடலாம். இதற்கு சட்டத்தரணி தேவையில்லை, வழக்குச் செலவும் இல்லை. எங்கே, எப்படிக் கொடுப்பது என்று 1977 இலக்கத்துக்கு அழைத்துக் கேளுங்கள். முறைப்பாட்டைத் தமிழிலேயே எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்பி, தபால் பற்றுச்சீட்டைப் பத்திரமாக வையுங்கள்.

இனி நீங்கள் கவலைப்படும் அந்த ஆங்கிலத் தாள். கையெழுத்துப் போட்டுவிட்டோமே, இனி எல்லாம் முடிந்தது என்று பலர் பேசாமல் இருந்துவிடுகிறார்கள். நம் நாட்டு ஒப்பந்தச் சட்டம் உரோம-டச்சு வழி வந்தது. பொய் சொல்லித் தூண்டிப் பெற்ற சம்மதத்தை, ஏமாற்றப்பட்டவர் இரத்துச் செய்யக் கேட்கலாம். அதோடு உங்கள் விஷயத்தில் அந்தத் தாள் அவருக்கே எதிரானது. வைத்தியத்துக்குப் பதிலல்ல என்று தாளில் எழுதி வாங்கியவர், அதே வைத்தியத்தை நிறுத்தச் சொல்லிக் குரல் பதிவு அனுப்பியிருக்கிறார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், ஊசியை நிறுத்தச் சொல்லக் கூடாது என்பது அவருக்கு முன்பே தெரிந்திருந்தது என்று வாதிட இடமிருக்கிறது.

ஆகவே அந்தக் குரல் பதிவுதான் உங்கள் வழக்கின் உயிர். அது வந்த தொலைபேசியை விற்காதீர்கள், 'ரீசெட்' செய்யாதீர்கள். பதிவை வேறு இடத்திலும் பிரதி எடுத்து வையுங்கள். அனுப்பிய இலக்கமும் திகதியும் தெரியும்படி திரையைப் படம் பிடியுங்கள். ஆஸ்பத்திரியில் தந்த டயக்னோசிஸ் காட், கிளினிக் கொப்பி, பணம் கட்டிய பற்றுச்சீட்டு, அந்தப் பெயர்ப்பலகையின் படம் எல்லாவற்றையும் ஒரே கோப்பில் போடுங்கள். பலகையை நாளைக்கே மாற்றிவிடக்கூடும்.

'டொக்டர்' என்ற பட்டம் தனியாகவே ஒரு விஷயம். ஆங்கில மருத்துவம் செய்பவர் இலங்கை மருத்துவ சபையில் பதிந்திருக்க வேண்டும். சித்த, ஆயுர்வேத, யுனானி வைத்தியர்களுக்கு 1961 ஆம் ஆண்டின் 31 ஆம் இலக்க ஆயுர்வேதச் சட்டத்தின் கீழ் தனிப் பதிவு உண்டு. இவர் எதில் பதிந்திருக்கிறார் என்று இரண்டு இடத்திலும் எழுதிக் கேளுங்கள். பதியாமலே வைத்தியர் என்று காட்டிக்கொள்வது குற்றம். சித்தர் பெயரைச் சொல்லி விற்றார் அல்லவா? ரெய்கியை மிக்காவோ உசுயி என்பவர் 1922 இல் ஜப்பானில் தொடங்கினார். நம் சித்த மருத்துவத்துக்கும் அதற்கும் தொடர்பே இல்லை. தலைமுறை தலைமுறையாகப் படித்துப் பதிவெடுத்து வைத்தியம் பார்க்கும் சித்த வைத்தியர்களுக்கும் இது அநியாயம்.

பொலிஸுக்குப் போகலாமா என்று கேட்பீர்கள். போகலாம், ஆனால் தெரிந்துகொண்டு போங்கள். ஏமாற்றிப் பணத்தைப் பெறுவது தண்டனைச் சட்டக்கோவையின் 403 ஆம் பிரிவில் வரும் குற்றம். அங்கே, சொல்வது பொய் என்று தெரிந்தே சொன்னார் என்பதை நிரூபிக்க வேண்டும். "நான் இந்தச் சக்தியை மனதார நம்புகிறேன்" என்று அவர் நின்றால், சக்தி பற்றிய பேச்சை வைத்து மட்டும் குற்றத்தை நிரூபிப்பது கடினம். இல்லாத பட்டத்தைப் போட்டுக்கொண்டதை அப்படி 'நம்பினேன்' என்று சொல்ல முடியாது. முறைப்பாட்டில் அதற்கு முதலிடம் கொடுங்கள். கவனயீனமான செயலால் கடும் காயம் ஏற்படுத்துவது பற்றி 329 ஆம் பிரிவு இருக்கிறது. உடலின் ஓர் உறுப்பை இழப்பது கடும் காயமாகக் கணிக்கப்படும்.

ஆனால் விரலுக்கு நட்டஈடு கேட்கும்போது ஒரு பெரிய தடை வரும். ஊசியை நிறுத்தியதால்தான் விரல் போனது என்று மருத்துவச் சாட்சியத்தோடு காட்ட வேண்டும். நீண்டகால நீரிழிவில் கால் நரம்பு மரத்து, இரத்த ஓட்டம் குறைந்து, புண் ஆறாமல் போவது இன்சுலின் ஒழுங்காகப் போடுபவருக்கும் நடக்கக்கூடியது என்று எதிர்த்தரப்பு சொல்லும். பிரியானி சொய்சா எதிர் அர்செகுலரத்ன வழக்கில் 2001 இல் உச்ச நீதிமன்றம், வைத்தியரின் கவனயீனத்தை ஏற்றுக்கொண்டும்கூட, அதனால்தான் குழந்தை இறந்தது என்பது நிரூபிக்கப்படவில்லை என்று தந்தையின் கோரிக்கையை நிராகரித்தது. உங்களுக்குப் பொய் நம்பிக்கை கொடுக்க எனக்கு விருப்பமில்லை. ஊசியை நிறுத்துவதற்கு முன் சீனி எவ்வளவு, ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்று எவ்வளவு, புண் எப்போது மோசமானது என்பதெல்லாம் கிளினிக் கொப்பியிலும் டயக்னோசிஸ் காட்டிலும் இருந்தால், அதுவே உங்கள் பலம். இந்த வகைக் கோரிக்கைக்கு இரண்டு வருடக் காலவரையறை உண்டு.

85,000 ரூபாயை மட்டும் சிவில் வழியில் கேட்பதென்றால் முதலில் மத்தியஸ்த சபைக்குப் போக வேண்டும். அங்கே சட்டத்தரணிகள் தோன்ற முடியாது, நீங்களே பேச வேண்டியதுதான். இணக்கம் வராவிட்டால் தரும் சான்றிதழோடுதான் நீதிமன்றம் போகலாம். வசதியில்லையென்றால் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடுங்கள்.

முகப்புத்தக விஷயத்துக்குப் பயப்பட வேண்டாம், அலட்சியமும் வேண்டாம். அந்தக் கடிதம் நீதிமன்றக் கட்டளை அல்ல. அவதூறு 2002 இலிருந்து இங்கே குற்றவியல் தவறாக இல்லை, ஆனாலும் சிவில் வழக்குப் போடலாம். பதிவைப் படம் பிடித்து வைத்துக்கொண்டு, 'கள்ளன்' என்ற சொல்லை உடனே எடுத்துவிடுங்கள். நடந்ததை நடந்தபடி சொல்வதற்கு, அது உண்மையாகவும் பொதுநலனுக்காகவும் இருந்தால், சட்டத்தில் பாதுகாப்பு உண்டு. ஆளைத் திட்டும்போது அந்தப் பாதுகாப்பு உங்கள் கையை விட்டுப் போகிறது. பதில் கடிதத்தை ஒரு சட்டத்தரணி மூலம் அனுப்புங்கள்.

கடைசியாக அம்மா. எனக்கு அதிகம் மனவருத்தம் தந்தது நீங்கள் எழுதிய அந்த வரிதான். பணமும் உடம்பும் அவருடையவை, முறைப்பாட்டாளரும் அவரே. அவர் ஒத்துக்கொள்ளாமல் நீங்கள் தனியாகப் பெரிதாக எதுவும் செய்ய முடியாது. அவரிடம் சண்டை போடாதீர்கள். ஒருநாள் பேரை, அதாவது அன்றைய சம்பளத்தை, விட்டுவிட்டு, விடிய முன் பஸ் ஏறி, கிளினிக் வரிசையில் நின்று, தமிழ் தெரியாத டாக்டரிடம் இரண்டு நிமிடம் நின்றுவிட்டு வந்தவர் அவர். இந்த மனிதர் ஒரு மணித்தியாலம் உட்கார வைத்துத் தமிழில் கதை கேட்டிருக்கிறார். தலைக்கு மேல் கையை வைத்தபோது சூடாக இருந்தது என்றும் சொல்லியிருப்பார். அந்த நிம்மதி பொய்யல்ல. அதற்குக் காரணம் சக்தி என்பதற்குத்தான் ஆதாரமில்லை.

இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். எமிலி ரோசா என்ற அமெரிக்கச் சிறுமி ஒன்பது வயதில், உடம்பைத் தொடாமல் கையை மேலே பிடித்து 'சக்தியை உணர்ந்து' குணமாக்குவதாகச் சொன்ன 21 பேரை அழைத்தாள். ரெய்கிக்கு மிக நெருங்கிய முறை அது. மறைப்புக்குப் பின்னால் இருந்து அவர்கள் இரண்டு கைகளையும் நீட்ட, நாணயம் சுண்டிப் பார்த்து ஒரு கைக்கு மேல் தன் கையைப் பிடித்தாள். எந்தக் கை என்று அவர்கள் சொல்ல வேண்டும். 280 தடவையில் 123 தடவைதான் சரி, அதாவது 44 வீதம். சும்மா ஊகித்தாலே பாதி சரியாக வந்திருக்க வேண்டும். 1998 இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் சஞ்சிகையில் அது வெளிவந்தது. எதிரே இருக்கும் கையையே உணர முடியாதவர்கள், உள்ளே இருக்கும் சீனியை எப்படி உணர்ந்தார்கள் என்று அம்மாவிடம் மெதுவாகக் கேட்டுப் பாருங்கள். கோயிலுக்குப் போவதையும் திருநீறு போடுவதையும் யாரும் தடுக்கவில்லை, அதற்காக யாரும் இன்சுலினை நிறுத்தச் சொல்வதில்லை என்பதையும் சொல்லுங்கள்.

பொலிஸில் வாக்குமூலம் கொடுக்கும் நாளில் நீங்கள் கூடப் போங்கள். அம்மா தமிழில் சொல்லட்டும், தமிழில் எழுதும்படி கேளுங்கள், அது அவருடைய உரிமை. சிங்களத்தில் எழுதினால், வாசித்துத் தமிழில் விளக்கும்வரை கையெழுத்துப் போட வேண்டாம். அதற்கெல்லாம் முன்னால், அடுத்த கிளினிக் நாளுக்கு அவரைக் கூட்டிக்கொண்டு போய், ஊசியை நிறுத்தியிருந்த கதையை டாக்டரிடம் முழுமையாகச் சொல்லி, கொப்பியில் எழுதச் சொல்லுங்கள்.