வளர்க்கும் பிள்ளைகளைச் சட்டப்படி எங்கள் பிள்ளைகளாக்க முடியுமா?

கேள்வி: தேவகோட்டைப் பக்கம் எங்கள் ஊர். கணவருக்கு 52 வயது, எனக்கு 47. ஒரே மகன் வெளிநாட்டில் இருக்கிறான். மூன்று ஆண்டுகளுக்கு முன் குழந்தைகள் நலக் குழுவின் ஆணைப்படி ஓர் அக்காளையும் தம்பியையும் வளர்ப்புப் பராமரிப்பில் (தத்தெடுக்காமல் தற்காலிகமாக வளர்ப்பது) ஏற்றோம். இப்போது 12 வயதும் 9 வயதும் ஆகின்றன. தந்தை இறந்துவிட்டார்; தாய் எங்கே என்று தெரியவில்லை. 'தாய்மாமன் ஸ்டாம்ப் பேப்பரில் எழுதித் தருகிறார், பதிவு செய்தால் போதும்' என்கிறார்கள் உறவினர்கள். என்னை 'ஆத்தா' என்று கூப்பிடும் சின்னவனின் மதிப்பெண் அட்டையில், 'பெற்றோர் கையொப்பம்' என்ற இடத்தில் பேனாவை வைத்தாலே கை தயங்குகிறது. என்ன செய்வது?

பதில்: ஆச்சி, அந்தப் பத்திரத்தில் மட்டும் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள்.

செட்டிநாட்டில் பிள்ளை கூட்டிக்கொள்வது, அதாவது தத்தெடுப்பது, தலைமுறை தலைமுறையாக நடப்பது. வளர்ந்த ஆண்களையே பங்காளி வீட்டிலிருந்து கூட்டிக்கொண்ட குடும்பங்கள் உண்டு. அந்த வழக்கத்துக்கு 1956-ஆம் ஆண்டின் இந்து தத்தெடுப்பு மற்றும் ஜீவனாம்சச் சட்டமும் இடம் தருகிறது. அதனால்தான் உறவினர்கள் பத்திரம் போதும் என்கிறார்கள். ஆனால் உங்கள் கதை வேறு. பிள்ளையைக் கொடுக்கும் உரிமை தாய் தந்தைக்கு உண்டு. அவர்கள் இல்லாதபோது நீதிமன்றத்தின் முன் அனுமதி பெற்ற பாதுகாவலருக்கு உண்டு. வெறும் தாய்மாமனுக்கு இல்லை. மகன் இருக்கும் வீட்டில் இன்னொரு மகனை அந்தச் சட்டப்படி தத்தெடுக்கவும் முடியாது. எல்லாவற்றுக்கும் மேலாக, ஆதரவற்ற குழந்தையை உரிய நடைமுறையின்றித் தத்துக் கொடுத்தாலோ எடுத்துக்கொண்டாலோ, இளைஞர் நீதிச் சட்டம் 80-ஆம் பிரிவின்படி மூன்றாண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் அபராதம், அல்லது இரண்டுமே வரலாம். நல்ல மனதோடு செய்தோம் என்பது அங்கே நிற்காது.

உங்களுக்குப் பொருந்துவது 2015-ஆம் ஆண்டின் அந்த இளைஞர் நீதிச் சட்டம்தான். அதில் உங்கள் மகன் தடையே அல்ல. வளர்ப்புப் பெற்றோர் தத்தெடுக்க முன்பு ஐந்தாண்டு காத்திருக்க வேண்டும். 2024-இல் திருத்திய வழிகாட்டுதல் அதை இரண்டாண்டாக்கியது. நீங்கள் அதைக் கடந்துவிட்டீர்கள். எட்டு வயதைத் தாண்டிய குழந்தைக்குத் தம்பதியின் கூட்டு வயது 110 வரை இருக்கலாம், உங்களுடையது 99.

எல்லாம் தொங்குவது ஒரே ஒரு தாளில்: குழந்தைகள் 'தத்தெடுக்கச் சட்டப்படி தகுதியானவர்கள்' என்ற குழந்தைகள் நலக் குழுவின் அறிவிப்பு. குறைந்தது மூன்று உறுப்பினர்கள் சேர்ந்து எடுக்க வேண்டிய முடிவு அது. வளர்ப்பு ஆணை கையில் இருப்பதால் இதுவும் இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். சிவகங்கையிலுள்ள மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்குப் போய், அறிவிப்பு உண்டா என்று எழுத்தில் கேளுங்கள். இல்லையென்றால், தாயைத் தேடும் விசாரணையை முடித்துத் தரும்படி குழுவிடம் மனுக் கொடுங்கள்.

தாய் கிடைத்துவிட்டால்? வலிக்கும் என்று தெரிந்தே சொல்கிறேன்: பெற்றவளிடம் திரும்பச் சேர்ப்பதுதான் சட்டத்தின் முதல் நோக்கம். அவளால் வளர்க்க முடியுமா என்று குழு பார்க்கும். அவளே ஒப்படைக்க விரும்பினால் குழுவின் முன்னிலையில் எழுதிக் கொடுக்க வேண்டும்; மறுபரிசீலனைக்கு இரண்டு மாத அவகாசம் அவளுக்கு உண்டு. அதை அவளிடமிருந்து யாரும் பறிக்கக் கூடாது.

அறிவிப்பு வந்ததும் மத்திய தத்தெடுப்பு வள ஆணையத்தின் இணையதளத்தில் பதிவு, வீட்டு ஆய்வு என்று நடக்கும். பிள்ளைகளின் விருப்பத்தையும் கேட்பார்கள். அதற்குப் பெரியவளை இப்போதே மெல்லத் தயார்செய்யுங்கள். 2022 செப்டம்பர் முதல் தத்தெடுப்பு ஆணை பிறப்பிப்பவர் நீதிபதி அல்ல, மாவட்ட ஆட்சியர். ஆணை வந்த நாள் முதல் இருவரும் உங்கள் பிள்ளைகளே; சொத்திலும் மகனைப் போலவே உரிமை உண்டு. பிறப்புச் சான்றிதழிலும் உங்கள் பெயர் ஏறும். கோயில் புள்ளிக் கணக்கு (கோயிலில் குடும்பமாகச் சேர்த்து எண்ணுவது) மட்டும் சமூக வழக்கத்தைச் சேர்ந்தது. அதை ஊர்ப் பெரியவர்களோடு தனியாகப் பேசிக்கொள்ளுங்கள்.

அதுவரை மதிப்பெண் அட்டையில் 'வளர்ப்புப் பெற்றோர்' என்று எழுதித் தயங்காமல் கையெழுத்திடுங்கள். மனுவில் மறக்காமல் ஒரு வரி சேருங்கள்: அக்காளையும் தம்பியையும் பிரிக்காமல் ஒன்றாகவே தர வேண்டும்.