மெடிக்கேர் பார்ட் டி: 'டோனட் ஹோல்' இன்னும் இருக்கிறதா?

அம்மாவுக்கு 65 ஆகப்போகிறது, பார்ட் டி (அமெரிக்க அரசின் முதியோர் மருத்துவக் காப்பீடான மெடிக்கேரில் மருந்துச் செலவுக்கான பகுதி) எடுத்தால் நடுவில் டோனட் ஹோலில் மாட்டிக்கொள்வோமா என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தப் பள்ளம் இப்போது இல்லை. ஆனால் என் அப்பாவுக்கு மாதாமாதம் மருந்து வாங்குபவள் என்பதால் சொல்கிறேன், வேறொரு பள்ளம் இருக்கிறது.

2006-ல் திட்டம் தொடங்கியபோது, மருந்துச் செலவு 2,250 டாலரைத் தாண்டியதும் இன்சூரன்ஸ் கையை விரித்துவிடும். 5,100 டாலர் வரை முழுக்க நம் கைக்காசுதான். இந்த இடைவெளியைத்தான் டோனட் ஹோல் என்றார்கள். 2010-ல் வந்த சட்டம் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தது. 2022 சட்டத்தால் 2025-ல் அடியோடு போய்விட்டது. நாம் கொடுக்கும் பணத்துக்கு இப்போது வருட வரம்பு உண்டு: 2025-ல் 2,000 டாலர், 2026-ல் 2,100.

சரி, அந்த இன்னொரு பள்ளம்? பிளானின் மருந்துப் பட்டியலில் இல்லாத மருந்துக்கு நாம் கொட்டும் பணம் இந்த வரம்புக் கணக்கில் சேராது. பட்டியலோ வருடா வருடம் மாறும்.

ஒரு ஜனவரியில் அப்பாவின் இன்ஹேலர் வாங்கப் போனேன். டிசம்பரில் 47 டாலருக்கு வாங்கிய அதே டப்பாவுக்கு 380-க்கு மேல் கேட்டார்கள். வருட ஆரம்பம், டிடக்டிபிள் (காப்பீடு கொடுக்கத் தொடங்கும் முன் நாம் கட்டும் முதல் தொகை) போலிருக்கிறது என்று கார்டை எடுத்துவிட்டேன். கவுன்டரில் இருந்த பெண்தான் திரையைத் திருப்பிக் காட்டினார். மருந்தே பட்டியலில் இல்லை. "இருக்கிறதை வெச்சு ஒரு வேளை விட்டு ஒரு வேளை இழுத்துக்கறேன்மா" என்றார் அப்பா. எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. மூச்சை எப்படி மிச்சம் பிடிப்பது?

அந்தப் பெண் சொல்லித்தான் 'டிரான்சிஷன் ஃபில்' என்று ஒன்று இருப்பது தெரிந்தது. ஏற்கெனவே எடுத்துவரும் மருந்து புது வருடப் பட்டியலிலிருந்து போய்விட்டால், முதல் 90 நாளுக்குள் ஒருமுறை ஒரு மாத மருந்தை பிளான் தர வேண்டும். அதை வாங்கிக்கொண்டு, டாக்டரை விட்டு விதிவிலக்கு கேட்டு எழுத வைத்தோம். அவர் கடிதம் போய்ச் சேர்ந்த 72 மணி நேரத்தில் பதில் தர வேண்டும், அவசரம் என்றால் 24. எங்களுக்குக் கிடைத்தது. அப்படிக் கிடைத்த மருந்து வரம்புக் கணக்கிலும் சேரும்.

அதனால் அம்மாவின் மருந்துகளை மில்லிகிராமோடு எழுதி வைத்துக்கொண்டு பிளான் தேடுங்கள். அப்புறம் ஒவ்வொரு வருடமும் அக்டோபர் 15 முதல் டிசம்பர் 7-க்குள் அடுத்த வருடப் பட்டியலில் அவற்றைத் திரும்பத் தேடுங்கள். இப்போது எந்த மருந்தும் எடுப்பதில்லை, பிறகு பார்ட் டி-யில் சேரலாம் என்று மட்டும் விட்டுவிடாதீர்கள். இணையான வேறு காப்பீடு இல்லாமல் 63 நாள் போனால், தாமதித்த ஒவ்வொரு மாதத்துக்கும் தேசிய அடிப்படை பிரீமியத்தில் 1 சதவீதம் அபராதமாக ஏறும். பார்ட் டி இருக்கும்வரை அதைக் கட்டிக்கொண்டே இருக்க வேண்டும்.