ட்ராகன் நிஜமாவே இருந்துச்சா? – வாசகர் கேள்வி பதில்

இந்த வாரம் வந்த கேள்விகள்ல பாதிக்கு மேல ட்ராகன் பத்திதான். லீவுல எல்லாரும் சேந்து ஒரே சீரீஸைப் பாத்து முடிச்சிருக்கீங்க போல. சரி, ஒரே மூச்சுல பதில் சொல்லிடுறேன்.

ட்ராகன் மாதிரி ஒரு மிருகம் எப்பவாவது உண்மையா இருந்திருக்க முடியுமா சார்? (வாசகர், கோயம்புத்தூர்)

நாலு காலு, முதுகுல ரெண்டு ரெக்கை, வாய்ல நெருப்பு, இந்த முழு செட்டோட ஒரு ஜந்து இருந்திருக்க வாய்ப்பே இல்லைங்க. நெருப்பு கூட அப்புறம், முதல்ல கை கால் கணக்கே உதைக்குது. முதுகெலும்போட தரையில வாழ வந்த எல்லா ஜீவனுக்கும் அடிப்படைக் கணக்கு நாலுதான், தவளை, பல்லி, காக்கா, எருமை, நீங்க, நான் எல்லாருக்கும் அதே நாலு, ஏன்னா நமக்கெல்லாம் பொதுவான பாட்டன் ஒரு மீன், அதுக்கு இருந்தது ரெண்டு ஜோடித் துடுப்பு, அதைத்தான் நாம கோடிக்கணக்கான வருஷமா மாத்தி மாத்தி ஓட்டிக்கிட்டு இருக்கோம். பறக்கணும்னு ஆசைப்பட்டதுங்க எல்லாம், பறவை, வௌவால், டைனோசர் காலத்து டெரோசர், மூணுமே முன்னங்காலைத்தான் ரெக்கையா ஆக்கிக்கிச்சு. பாம்பு நாலையும் தொலைச்சுட்டு நிக்குது. தொலைக்கலாம், மாத்திக்கலாம், புதுசா ஒரு ஜோடி முளைக்க வெச்சவங்க மட்டும் யாரும் இல்ல.

ரெண்டு காலு, ரெண்டு ரெக்கை ட்ராகன்னா கொஞ்சம் பேசலாம். 1971ல அமெரிக்காவுல டெக்சாஸ் மாநிலத்து பிக் பெண்ட் தேசியப் பூங்காவுல டக்ளஸ் லாசன்னு ஒரு மாணவர் கல்லுக்குள்ள இருந்து ஒரு டெரோசரோட ரெக்கை எலும்பைக் கண்டுபிடிச்சாரு. அந்த ஜந்துக்கு கெட்சல்கோட்லஸ்னு பேர் வெச்சாங்க, மெக்சிகோவுல அந்தக் காலத்துல வாழ்ந்த அஸ்டெக் மக்கள் கும்பிட்ட இறகு வெச்ச பாம்பு சாமியோட பேரு அது. ரெக்கையை விரிச்சா 10 மீட்டருக்குக் குறையாது, அதாவது நம்ம டவுன் பஸ் நீளம். தரையில நின்னா ஒட்டகச்சிவிங்கி உயரம், எடை 200ல இருந்து 250 கிலோ இருக்கும்னு மதிப்பிடுறாங்க. இன்னைக்குப் பறக்குறதுல ரொம்பக் கனமான பறவைகள்ல ஒண்ணு ஆப்பிரிக்காவுல இருக்குற கோரி கானமயில், அது 20 கிலோவைத் தொடுறதுக்கே திணறுது. அப்படிப் பாத்தா ட்ராகனுக்கு ரொம்பப் பக்கத்துல வந்தது இந்த கெட்சல்கோட்லஸ்தான். ஆனா அது அழிஞ்சு 6.6 கோடி வருஷம் ஆச்சு, நம்ம மனுஷ இனம் வந்தே சுமார் 3 லட்சம் வருஷம்தான் ஆகுது, அதனால அதைப் பாத்துட்டு எந்தத் தாத்தாவும் கதை சொல்லியிருக்க முடியாது.

அப்ப சீனாக்காரங்களும் ஐரோப்பாக்காரங்களும் ஒருத்தரை ஒருத்தர் பாக்காமலே எப்படி ஒரே மிருகத்தைக் கற்பனை பண்ணாங்க? ஏதோ ஒண்ணைப் பாத்திருக்கணும்ல? (வாசகி, திருநெல்வேலி)

பாத்தாங்கம்மா. எலும்பைப் பாத்தாங்க. என்னைக் கேட்டா இந்த மொத்த விவகாரத்துல சுவாரசியமே இந்த இடம்தான்.

முதல்ல ஒண்ணு, ரெண்டும் ஒரே மிருகம் இல்ல. சீனத்து ட்ராகனுக்குப் பெரும்பாலும் ரெக்கை கிடையாது, மழை கொண்டு வர்ற நல்லவர். ஐரோப்பாவுல இருக்குறது ஊரைக் கொளுத்துற வில்லன். ரெண்டையும் ஆங்கிலத்துல ஒரே பேர்ல கூப்பிட்டதால வந்த குழப்பம் பாதி.

இப்ப ஆஸ்திரியாவுல கிளாகன்ஃபுர்ட்னு ஒரு ஊர். அந்த ஊர் உருவான கதையிலயே ஒரு ட்ராகன் இருக்கு, சதுப்பு நிலத்துல ஒளிஞ்சுக்கிட்டு ஆடு மாடு ஆளுன்னு பாக்காம முழுங்குதாம், கடைசியில ஆளுங்க ஒரு கோபுரம் கட்டி, ஒரு காளையை சங்கிலியில கட்டி, அதுல கொக்கியை மாட்டி மீன் பிடிக்கிற மாதிரி தூண்டில் போட்டுப் பிடிச்சாங்களாம். 14ஆம் நூற்றாண்டுல அந்த ஊர்ப் பக்கத்துல ஒரு பெரிய மண்டை ஓடு கிடைக்குது. நீளமா, முன்னாடி கூம்பிப் போன முகம். இதுதாண்டா அந்த ட்ராகன்னு ஊரே முடிவு பண்ணி நகர மன்றத்துல காட்சிக்கு வெச்சுட்டாங்க. 1590 வாக்குல ஒரே கல்லுல ஒரு ட்ராகன் சிலை செதுக்குனாங்க, அதோட தலைக்கு மாடல் அந்த மண்டை ஓடுதான்னு சொல்றாங்க. சிலை இன்னைக்கும் நடு ஊர்ல நிக்குது, சுற்றுலா போறவங்க செல்ஃபி எடுத்துக்கறாங்க.

19ஆம் நூற்றாண்டுல விஞ்ஞானிங்க அந்த மண்டை ஓட்டைப் பாத்துட்டு, இது பனியுகத்துல வாழ்ந்த கம்பளிக் காண்டாமிருகம்னு சொல்லிட்டாங்க. காண்டாமிருகத்தைப் போய் யாராவது ட்ராகன்னு நினைப்பாங்களான்னு சிரிக்காதீங்க. அந்தக் கொம்பு எலும்பு இல்ல, நம்ம நகம் இருக்குல்ல, அதே சமாச்சாரத்துல ஆனது, மண்டை ஓட்டோட சேந்து நிக்காது, தனியா கழண்டு போயிடும். கொம்பும் இல்லாம, தோலும் இல்லாம, காண்டாமிருகத்தையே வாழ்க்கையில பாக்காத ஒரு மலை ஊர்க்காரன் கையில அந்த நீள மண்டையைக் கொடுத்தா அவன் வேற என்னன்னு சொல்லுவான்? கையில கிடைச்சதுக்குத் தெரிஞ்ச கதையைப் பொருத்திப் பாத்தான், அவ்வளவுதான். இன்னைக்கு சில பேர் ஆதாரமே இல்லாம வாட்ஸ்அப்ல அடிச்சு விடுறதுக்கு அவன் எவ்வளவோ தேவலாம்.

சீனாவுல இது வியாபாரமாவே நடந்துச்சு. ட்ராகன் எலும்பு, ட்ராகன் பல்லுன்னு நாட்டு மருந்துக் கடையில எடை போட்டு விப்பாங்க, இடிச்சுப் பொடி பண்ணிக் குடிச்சா நல்லதுன்னு நம்பிக்கை. உண்மையில அது பழைய குதிரை, மான், காண்டாமிருகத்தோட எலும்பு, மண்ணுக்குள்ள கல்லாப் போனது. 1935ல கோனிக்ஸ்வால்டுன்னு ஒரு ஆராய்ச்சியாளர் ஹாங்காங்ல ஒரு மருந்துக் கடைக்குள்ள நுழைஞ்சு அந்தப் பல்லுங்களைக் கிளறிப் பாக்குறாரு, அதுக்கு நடுவுல ஒரு ராட்சசக் கடவாப்பல், குரங்கு ஜாதிப் பல், ஆனா அவ்வளவு பெருசா எந்தக் குரங்குக்கும் கிடையாது. ஜைகாண்டோபிதிகஸ்னு ஒரு மாபெரும் வாலில்லாக் குரங்கு இருந்ததே அப்படித்தான் உலகத்துக்குத் தெரிஞ்சது. இன்னைக்கு வரைக்கும் அதோட தாடை நாலும் பல்லு ரெண்டாயிரம் போலவும்தான் கிடைச்சிருக்கு, மீதி எலும்பு ஒண்ணு கூட வரல. எத்தனை அபூர்வமான பல்லு யார் யார் வயித்துக்குள்ள கஷாயமாப் போச்சோ! பீக்கிங் மனிதன்னு சொல்ற ஆதி மனுஷனோட எலும்பு கிடைச்ச சோகோடியான் குன்றுக்குக் கூட உள்ளூர்ப் பேரு ட்ராகன் எலும்புக் குன்றுதான்.

நெருப்பு கக்குற விஷயமாவது சாத்தியமா? (9ஆம் வகுப்பு மாணவர், ஈரோடு)

தம்பி, நெருப்பு கக்குற மிருகம் ஒண்ணு கூட கிடையாது. ஆனா கொதிக்கிறதை அடிக்கிற பூச்சி இருக்கு. பாம்பார்டியர் வண்டுன்னு பேரு, நம்ம நாட்டுலயும் இருக்கு. அதோட பின்பக்கத்துல ஒரு பையில ஹைட்ரஜன் பெராக்சைடும் ஹைட்ரோகுவினோனும் கலந்து ரெடியா இருக்கும், யாராவது சீண்டுனா அதைப் பக்கத்து அறைக்குள்ள தள்ளும், அங்க இருக்குற என்சைம் பட்ட உடனே ரியாக்‌ஷன் நடந்து கிட்டத்தட்ட 100 டிகிரி சூட்டுல டப்புனு சத்தத்தோட வெளிய பீச்சும். ஒரே பீச்சல் மாதிரி தெரிஞ்சாலும் செகண்டுக்குச் சுமார் 500 தடவை விட்டு விட்டு அடிக்குது, அதனாலதான் அதோட உடம்பு வெந்து போறதில்ல. வாய் வழியா இல்ல, பின்னாடி வழியாங்கிறதுதான் ஹீரோயிசத்துக்குக் கொஞ்சம் இடிக்குது.

எரியிற கேஸ் வேணும்னா மாட்டுக்கிட்ட இருக்கு, அது விடுற மீத்தேன்ல பெரும்பகுதி ஏப்பமாத்தான் வாய் வழியா வருது. பத்த வைக்கத்தான் வழி இல்ல. வீட்டுல ட்ரை பண்ணாதே.

கொமோடோ ட்ராகன்? (வாசகர், சேலம்)

உடும்பு. பெரிய உடும்பு, 3 மீட்டர் வரைக்கும் வளரும், விஷம் உண்டு, மானை அடிச்சுத் திங்கும். ரெக்கையும் இல்ல, நெருப்பும் இல்ல. வெளி உலக விஞ்ஞானிங்களுக்கு அது தெரிய வந்ததே 1912லதான், அதனால பழைய கதைகளுக்கு அதைக் காரணமாக் காட்ட முடியாது.

நம்ம கோயில் தூண்ல இருக்குற யாளி மட்டும் நிஜம்னு ஒரு வீடியோவுல ஆதாரத்தோட சொல்றாங்களே? (வாசகி, மதுரை)

அந்த வீடியோவை எனக்கும் நாலு பேர் அனுப்பிட்டாங்க. அதுல ஆதாரம்னு காட்டுறது எல்லாமே சிலைதான். சிற்பி இல்லாததையும் செதுக்குவாருங்க, அதுக்குப் பேருதான் கலை. சிங்க முகம், யானைத் தும்பிக்கை, சில இடத்துல ஆட்டுத் தலை, குதிரைத் தலைன்னு கோயிலுக்குக் கோயில் யாளி மாறுது, நிஜ மிருகமா இருந்தா அப்படி மாறுமா? சங்கப் பாட்டுல யானையை அடிக்கிற ஆளி வருது, வாஸ்தவம்தான். ஆனா யானையை அடிக்கிற சைஸ்ல ஒண்ணு இங்க திரிஞ்சிருந்தா எங்கயாவது ஒரு பல்லாவது கிடைச்சிருக்கணும்.

எலும்பைத் தப்பாப் படிக்கிறதுல நாமளும் சளைச்சவங்க இல்ல. 2020ல பெரம்பலூர் மாவட்டம் குன்னம் பக்கத்துல மண்ணுக்குள்ள இருந்து உருண்டை உருண்டையா கல்லு வெளிய வந்துச்சு, உடனே டைனோசர் முட்டைன்னு போட்டோ தமிழ்நாடு முழுக்கப் பறந்துச்சு. விவரம் தெரிஞ்சவங்க வந்து பாத்தா அம்மோனைட் சேந்த படிவம், அதாவது சுருள் ஓடு உள்ள ஒரு பழைய கடல் பிராணி. அரியலூர் பெரம்பலூர் பக்கமெல்லாம் அந்தக் காலத்துல கடலா இருந்த இடம். வீட்டு பூஜையில சாளக்கிராமம் வெச்சிருக்குறவங்க கையில இருக்குறதும் நேபாளத்து கண்டகி நதியில இருந்து வந்த அதே அம்மோனைட் குடும்பத்துக் கல்லுதான். இங்கிலாந்துல விட்பின்னு ஒரு ஊர்ல அந்தச் சுருளைப் பாத்துட்டு, கல்லாப் போன பாம்புன்னு சொல்லி, முனையில பாம்புத் தலையைச் செதுக்கி வித்தாங்க. அங்க பாம்பு, இங்க பெருமாள், குன்னத்துல முட்டை.

ட்ராகனைப் பாடம் பண்ணி மியூசியத்துல வெச்சிருந்தாங்கன்னு படிச்சேன், உண்மையா? (வாசகர், புதுச்சேரி)

வெச்சிருந்தாங்க, எல்லாம் டுபாக்கூர். காய்ஞ்ச திருக்கை மீனை வெட்டி வளைச்சு ரெக்கை மாதிரி ஆக்கி வித்த காலம் அது. 1735ல லின்னேயஸ், உயிரினங்களுக்கு ரெண்டு சொல்லுல பேர் வைக்கிற முறையைக் கொண்டு வந்தவரு, ஹாம்பர்க் போனப்ப அங்க ஏழு தலை நாகம் ஒண்ணை ரொம்பப் பெருமையாக் காட்டுனாங்க, பெரிய விலைக்கு விக்கப் பேச்சு நடந்துக்கிட்டு இருந்துச்சு. மனுஷன் கிட்டப் போய்ப் பாத்தாரு, தாடை எல்லாம் மரநாய் மாதிரி ஒரு சின்ன மிருகத்தோடது, மேல பாம்புத் தோலை ஒட்டியிருக்கு. அதை வெளிய சொல்லிட்டாரு. விலை விழுந்துச்சு, அதை வெச்சிருந்தவங்க கோபத்துக்குப் பயந்து லின்னேயஸ் சீக்கிரமே ஊரை விட்டுக் கிளம்ப வேண்டியதாப் போச்சு.

ஆனா ட்ராகன் மேல அவருக்கும் உள்ளுக்குள்ள ஆசைதான் போல, 1758ல ஒரு சின்னப் பல்லி இனத்துக்கு ட்ராகோன்னே பேர் வெச்சுட்டாரு. நான் மேல சொன்ன நாலு கால் சட்டத்துல ஒரு ஓட்டையைக் கண்டுபிடிச்ச கில்லாடி அது. காலைத் தொடவே இல்ல, விலா எலும்பை வெளிய நீட்டி அது மேல தோலை இழுத்து ரெக்கை ஆக்கிக்கிச்சு. நாலு காலும் இருக்கு, ரெக்கையும் இருக்கு. சிறகடிக்க வராது, மரத்துக்கு மரம் சறுக்கிப் போகும், அவ்வளவுதான்.

அந்தப் பல்லியை நேர்ல பாக்கணும்னா எங்க போகணும்? (அதே வாசகர், அடுத்த மெயில்ல)

மேற்குத் தொடர்ச்சி மலைதான், ஆனைமலைப் பக்கம் முயற்சி பண்ணலாம், கேரளா கர்நாடகாவுல பாக்குத் தோப்புலயும் இருக்கு. மரப்பட்டை நிறத்துலயே ஒட்டிக்கிட்டு இருக்கும், சட்டுனு கண்ணுல படாது. ஆண் பல்லி தொண்டைக்குக் கீழ மஞ்சளா ஒரு கொடியை நீட்டி நீட்டி மடக்கும், அதைத் தேடுங்க. சாப்பிடுறது பெரும்பாலும் எறும்பு, அதனால ஊரைக் கொளுத்தும்னு பயப்பட வேண்டாம். பிடிச்சு பாட்டில்ல போட்டு எனக்கு பார்சல் அனுப்பாதீங்க, வனத்துறைக்காரங்க ரெண்டு பேரு வீட்டுக்கும் வருவாங்க.