வீட்டு பெரியவங்களுக்கு ரத்தத்துல கோளாறுன்னு ரிப்போர்ட் வந்தா: உங்க கேள்விகளுக்கு பதில்

கேள்வி (காசிமேடு): எங்க ஆயாவுக்கு 78 வயசு, ஹீமோகுளோபின் 7.2. எலும்பு மஜ்ஜை டெஸ்ட் எடுத்து எம்டிஎஸ்னு எழுதியிருக்காங்க. ஒரு டாக்டர் கேன்சர்ன்றாரு, இன்னொருத்தர் ரத்தசோகைன்றாரு. எது சார் உண்மை?

பதில்: ரெண்டுமே உண்மைதாம்மா, அதான் குழப்பமே. எம்டிஎஸ்ன்றது மைலோடிஸ்பிளாஸ்டிக் சின்ட்ரோம். மஜ்ஜையில இருக்குற, ரத்த அணுக்கள உண்டாக்குற ஸ்டெம் செல் கெட்டுப்போயிடுது, அணுக்கள் உருவாகுது ஆனா சரியா முதிராம பாதி உள்ளயே அழிஞ்சிடுது, அதனால மஜ்ஜையில நிறைய செல் இருந்தும் வெளிய ரத்தத்துல கம்மியா காட்டும், ஆயாவுக்கு ரத்தசோகை வர்றது இதனாலதான். வகைப்படுத்தும்போது இது புற்றுநோய் குடும்பத்துல சேருது, ஆனா எல்லாருக்கும் ஒரே வேகத்துல போறதில்ல. நீங்க ரிப்போர்ட்ல தேட வேண்டியது பிளாஸ்ட், அதாவது முதிராத செல், எத்தனை பர்சென்ட்ன்றத. 20ஐ தொட்டா பொதுவா அக்யூட் லுகேமியா கணக்குல போயிடும். 5க்கு கீழ இருந்து, குரோமோசோம் டெஸ்ட்லயும் பெரிய கோளாறு இல்லன்னா வருஷக்கணக்கா நல்லா இருக்குறவங்க நிறைய பேர். அவங்களுக்கு எரித்ரோபாய்ட்டின் (சிவப்பணு உருவாகத் தூண்டுற ஹார்மோன்) ஊசி, தேவைப்பட்டா ரத்தம் ஏத்துறது, அவ்ளோதான் பெரும்பாலும். ரிஸ்க் அதிகம்னாதான் அசாசிடிடின் ஊசி, வழக்கமா 28 நாளைக்கு ஒரு தடவை 7 நாள் போடுவாங்க. அதனால "ஐபிஎஸ்எஸ்-ஆர் ஸ்கோர் (எம்டிஎஸ்ஸோட ரிஸ்க்க கணக்கு போடுற மார்க்கு) என்ன, எந்த ரிஸ்க் குரூப்பு"ன்னு டாக்டர்கிட்ட நேரடியா கேளுங்க.

ஒண்ணு சொல்லணும். ரத்தம் ஊறும்னு சுவரொட்டி (ஆட்டு மண்ணீரல்) வறுத்து கொடுக்குறது நம்ம பக்கம் வழக்கம், ஆயா ஆசையா சாப்பிட்டா சாப்பிடட்டும், ஆனா இந்த வியாதிக்கு அது மருந்து இல்ல. இரும்புச்சத்து மாத்திரைய மட்டும் நீங்களா வாங்கி கொடுக்காதீங்க. ஏத்துற ஒவ்வொரு பை ரத்தத்துலயும் 200லேர்ந்து 250 மில்லிகிராம் இரும்பு உடம்புல சேருது, அது வெளிய போக வழி இல்லாம ஈரல்லயும் இதயத்துலயும் தங்கிடும். உடம்புல இரும்பு எவ்ளோ சேர்ந்திருக்குன்னு காட்டுற ஃபெரிட்டின் டெஸ்ட் பார்க்காம கொடுக்கவே கூடாது.

கேள்வி (திருவொற்றியூர்): நைனாவுக்கு 72. சுகர் இருக்கு, பல வருஷமா மெட்ஃபார்மின் போடுறாரு. மூணு அணுவும் கம்மி, எம்சிவி 118. எம்டிஎஸ் சந்தேகம்னு சொல்லி மஜ்ஜை டெஸ்ட்டுக்கு தேதி கொடுத்துட்டாங்க.

பதில்: அதுக்கு முன்னாடி பி12, ஃபோலேட், தைராய்டு, ஈரல் டெஸ்ட் எல்லாம் பார்த்தாச்சான்னு கேளுங்க. எம்சிவின்றது சிவப்பணுவோட சராசரி சைஸ், அது 80லேர்ந்து 100க்குள்ள இருக்கணும். பி12 ரொம்ப குறைஞ்சாலும் அச்சு அசலா எம்டிஎஸ் மாதிரியே காட்டும், மெட்ஃபார்மின் பல வருஷம் போட்டா பி12 குறையுறது சகஜம். கால் மரத்துப்போகுதா, நடக்கும்போது தள்ளாடுறாரான்னு பாருங்க. குடிப்பழக்கம் இருந்தா மறைக்காம சொல்லிடுங்க, அதுவும் எம்சிவிய ஏத்தும். பி12 டெஸ்ட்டுக்கு ரத்தம் கொடுத்த பிறகு ஊசி போட்டுக்குங்க, முன்னாடியே போட்டுட்டா ரிசல்ட்ட நம்ப முடியாது.

கேள்வி (வியாசர்பாடி): அம்மாவுக்கு பிளேட்லெட் 42,000. ஆனா ஒரு ரத்தக்கசிவும் இல்ல, நல்லாதான் இருக்காங்க.

பதில்: சில பேர் ரத்தம் வழக்கமான ட்யூப்ல பிளேட்லெட்டெல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும், மெஷின் கம்மின்னு எண்ணிடும். நீல மூடி சிட்ரேட் ட்யூப்ல மறுபடி எடுத்து, ஸ்மியர (கண்ணாடித் துண்டுல தடவுன ரத்தத்த) மைக்ரோஸ்கோப்ல பார்க்க சொல்லுங்க. அதுலயும் கம்மின்னா தள்ளிப்போடாம ஹீமட்டாலஜி (ரத்த நோய்) டாக்டர்கிட்ட போங்க, சென்ட்ரல் எதிர்ல இருக்குற ஜிஹெச்லயே அதுக்கு தனி பிரிவு இருக்கு.

கேள்வி (தண்டையார்பேட்டை): தாத்தாவுக்கு எம்டிஎஸ், வெள்ளை அணு ரொம்ப கம்மி. ஜுரம் வந்தா பாராசிட்டமால் போட்டு காலையில வரைக்கும் பார்க்கலாமா?

பதில்: கூடாது. 100.4 டிகிரிய தொட்டா ராத்திரி எத்தன மணியா இருந்தாலும் எமர்ஜென்சிக்கு கூட்டிட்டு போங்க, பக்கத்துல ஸ்டான்லி இருக்கு. கடைசியா எடுத்த ரிப்போர்ட்ட கையில எடுத்துக்கிட்டு, "நியூட்ரோஃபில் (கிருமிய எதிர்க்குற வெள்ளை அணு) கம்மி"ன்னு முதல்ல சொல்லிடுங்க.