கனிவாக நடந்துகொள்ளும் முதலாளியால் தொழிலில் ஜெயிக்க முடியுமா?

முடியும். ஆனால் கனிவு என்றால் எல்லாவற்றுக்கும் தலையாட்டுவது என்று நினைத்தால் முடியாது.

கனிவால் கிடைக்கும் பெரிய லாபம், கெட்ட செய்தி சீக்கிரம் உங்கள் காதுக்கு வருவதுதான். திட்டு விழும் என்று தெரிந்தால் தப்பு செய்தவர் அதை மூடி மறைப்பார், கடைசியில் வாடிக்கையாளர் சொல்லி உங்களுக்குத் தெரியவரும்போது செலவு பல மடங்காகியிருக்கும். ஹார்வர்டு பேராசிரியர் எமி எட்மண்ட்சன் 1990களில் மருத்துவமனைக் குழுக்களை ஆராய்ந்தபோது, நல்ல தலைமை உள்ள குழுக்களில்தான் மருந்து கொடுப்பதில் அதிகத் தவறுகள் பதிவாகியிருந்தன. முதலில் அவருக்கே ஆச்சரியம். அப்புறம்தான் பிடிபட்டது, அங்கே தவறு அதிகம் நடந்ததால் அல்ல, பயப்படாமல் வெளியே சொன்னதால் வந்த எண்ணிக்கை அது.

சரி, வேலையே செய்யாதவரை என்ன செய்வது? தனியாகக் கூப்பிட்டு, எது சரியில்லை என்று உடைத்துச் சொல்லுங்கள், திருத்திக்கொள்ள அவகாசம் கொடுங்கள், அப்படியும் நடக்காவிட்டால் மரியாதையாக அனுப்பிவிடுங்கள். ஆறு மாதம் சிரித்துப் பேசிவிட்டு ஒருநாள் திடீரென்று கடிதத்தை நீட்டுவதைக் கனிவு என்று நான் சொல்லமாட்டேன், அது கோழைத்தனம். (சம்பளத்தை இழுத்தடித்துவிட்டு பிறந்தநாளுக்கு கேக் வெட்டுகிறவர்களும் இந்த ரகம்தான்.)