ஹவுஸ் ஒபிசர் வருஷம்: கேள்வி பதில்

மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் உள்ளகப் பயிற்சி தொடங்கியிருக்கும் டொக்டர்மார் கேட்டவை.

அக்கா, டியூட்டி முடிந்து விடுதிக்குப் போனாலும் வாட்டிலிருந்து போன் வந்துகொண்டே இருக்கிறது.

நோயாளரை அடுத்த டியூட்டி டொக்டரிடம் ஒப்படைத்த விதத்தில்தான் பிழை, தம்பி. “17ஆம் கட்டிலைக் கொஞ்சம் பார்” என்றால் போன் வரத்தான் செய்யும். நிலை எவ்வளவு மோசம், என்ன வருத்தம், மிச்ச வேலை என்ன, எது நடந்தால் என்ன செய்வது என்று சொல்லவேண்டும். மாரி முடிந்து டெங்கு நிறையும் தை மாத வாட்டில் இப்படி: “17ஆம் கட்டில், டெங்கு, காய்ச்சல் விட்டு 12 மணித்தியாலம். பீசீவி (இரத்தத்தில் சிவப்பணுக்களின் வீதம்) 38 இருந்து 44 ஆகிவிட்டது. அடுத்தது இரவு 8 மணிக்கு எடு. 46 தொட்டாலோ, சிறுநீர் மணிக்குக் கிலோவுக்கு 0.5 மில்லிலீற்றருக்குக் குறைந்தாலோ சீனியரைக் கூப்பிடு.” கேட்டவர் இதைத் தன் வாயால் திருப்பிச் சொல்லட்டும். பலர் விடுவது இந்தக் கடைசிப் படியைத்தான்.

இரவு முழுக்கக் கசுவல்டி (அவசர நோயாளரைப் பார்க்கும் டியூட்டி). காலையில் கல்லடிப் பாலத்தால் மோட்டார் சைக்கிளில் வீட்டுக்குப் போகலாமா?

வேண்டாம். 17 மணித்தியாலம் விழித்திருந்த கையும் கண்ணும், இரத்தத்தில் 0.05 வீத மதுசாரம் உள்ளவருடையதைப் போலத்தான் வேலை செய்யும். ஓட்டோ பிடியுங்கள். வேறு வழியே இல்லையென்றால் ஒரு பிளேன்டீ குடித்த கையோடு 20 நிமிடம் படுங்கள். எழும்பும்போது கஃபீன் வேலை தொடங்கியிருக்கும். 40, 50 நிமிடம் தூங்கி எழும்பினால் தலை இன்னும் மந்தமாகும். விடியப்புறம் 4 மணிக்குக் கோப்பி குடிக்கிறவர்களுக்கு: அதில் பாதி காலை 9 மணிக்கும் உடம்பில் இருக்கும். பிறகு பகல் தூக்கம் எப்படி வரும்?

கல்முனையில் எங்கள் வாட்டில் பல சமயத்தாரும் இருக்கிறோம். பண்டிகை வந்தால் ரோஸ்டர் (டியூட்டிப் பட்டியல்) சண்டை.

மாதம் பிறக்கமுன் பொங்கல், பெருநாள், வெசாக், நத்தார் எல்லாவற்றையும் முதலில் குறித்துவிட்டு மற்ற நாட்களை நிரப்புங்கள். பெருநாள் பிறையைப் பொறுத்தது. ஆகவே இரண்டு நாளுக்கும் மாற்று ஆள் போட்டு வையுங்கள். சனி, ஞாயிறு இரவுகளைத் தனியாக எண்ணுங்கள். மொத்தக் கணக்கு சரியாக இருந்தும் மனக்கசப்பு வருவது அங்கேதான். வாய்ப்பேச்சில் டியூட்டி மாற்றாதீர்கள். ரோஸ்டரில் வெட்டி எழுதி இருவரும் கையொப்பம் வைக்காவிட்டால், ஒருநாள் இருவருமே வரமாட்டீர்கள்.

கூட வேலை செய்பவர் சாப்பிடுவதில்லை, தனியே இருந்து அழுகிறார்.

புத்தி சொல்லப் போகாதீர்கள். அவருடைய கனுலா (நாளத்தில் ஏற்றும் ஊசிக்குழாய்), டிஸ்சார்ஜ் காட் வேலையை ஒரு மணித்தியாலம் நீங்கள் பாருங்கள்; சோற்றுப் பார்சலைக் கையில் கொடுத்து அனுப்புங்கள். இரண்டு கிழமைக்குமேல் நீடித்தால் மனநல டொக்டரிடம் கூட்டிப்போங்கள். சாவைப் பற்றிக் கதைத்தால் அன்றைக்கே, தனியே விடாமல். அதை இரகசியமாக வைத்திருக்கவும் கூடாது. இரவென்றாலும் மனநல உதவி இலக்கமான 1926க்கு அழைக்கலாம், தமிழிலும் கதைக்கலாம்.